யாளி மேஷ்ட்ரும் நாலு கைச் சட்டையும்

முதலிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நான் எழுதுகிறவன் இல்லை. எஸ்.எஸ்.எல்.சி.யோடு படிப்பை நிறுத்திக்கொண்டு தையல் மெஷினில் உட்கார்ந்தவன். நாலு பேர் முன்னால் பேச நேர்ந்தால் அளவு டேப்பை வாயில் கடித்துக்கொண்டுவிடுவேன். பேசாமல் இருக்க அது நல்ல வசதி. இப்படிப்பட்டவன் பத்திரிகையில் எழுதத் துணிந்ததற்கு ஒரே காரணம், இந்த விஷயம் முழுதாகத் தெரிந்தவர்கள் இரண்டே பேர்தான் என்பது. இன்னொருவர் நாவலாசிரியர். அவர் எழுதினால் யாரும் நம்பமாட்டார்கள்.

யாளி மேஷ்ட்ரைப் போல் பொய்யை அத்தனை நேர்மையாக எழுதிய மனிதர் மைசூர் மண்டி மொஹல்லாவில் மட்டுமல்ல, தமிழ் எழுதப்படுகிற எந்த ஊரிலும் இருந்ததில்லை.

மேஷ்ட்ரு என்றால் கன்னடத்தில் வாத்தியார். என் தையல் கடைக்கு மேல்மாடியில் இருந்த டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் அவர் இங்கிலீஷும் கன்னடமும் சொல்லிக்கொடுத்தார். தமிழ் மெஷின் அங்கே கிடையாது. அதனால் பகலெல்லாம் மற்ற இரண்டு மொழிகளையும் மெஷினில் ஓடவிட்டு, தமிழை மட்டும் கையால் எழுதினார். எழுதியதெல்லாம் மாயாஜால நாவல்கள். ஏழு கடல், இரண்டு சூரியன், பேசுகிற பாறை, கோபித்துக்கொள்கிற ஆறு என்று அதில் இல்லாதது இல்லை. பன்னிரண்டு வருஷமாக எழுதி மெட்ராஸ் பத்திரிகைகளுக்கு அனுப்பினார். அனுப்பியதெல்லாம் திரும்பி வந்தது. தபால்காரர் தடித்த கவரை நீட்டினால், "பரவாயில்ல, பத்திரமா ஊர் சுத்திட்டு வந்திருக்கு" என்று வாங்கிக்கொள்வார்.

கற்பனைக் கதைதானே, இஷ்டத்துக்கு எழுதிவிட்டுப் போகலாமே என்று நாம் நினைப்போம். அவர் அப்படி இல்லை. எந்த அதிசயத்தை எழுதுவதானாலும் அந்தந்தத் தொழில் தெரிந்தவரிடம் காட்டி, அவர் சரி என்று சொன்ன பிறகுதான் எழுதுவார்.

"நடக்காததை எழுதலாம் அந்தோணி. தப்பானதை எழுதக் கூடாது" என்பார்.

அவருக்கு யாளி என்ற பெயர் வந்ததும் இப்படித்தான். எங்கள் சந்தின் முனையில் கறிக்கடை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, கடையில் நல்ல கூட்டம். மேஷ்ட்ரு நோட்டும் பேனாவுமாகப் போய் நின்று, "பாய், ஒரு யாளியை அறுத்தா எத்தனை பேர் சாப்பிடலாம்?" என்று கேட்டார்.

கறிக்கடைக்காரர் கத்தியை நிறுத்தவில்லை. "அது என்னா உசரம்?"

"ரெண்டு மாடி. முன்பாதி சிங்கம், பின்பாதி யானை."

"எலும்பு போவ ஐந்நூறு பேர் சாப்டலாம். ஆனா மேஷ்ட்ரே, ரெண்டையும் ஒரே அண்டாவுல போடாதீங்க. சிங்கம் சுருக்கா வெந்துடும். ஆனை வேகாது."

மேஷ்ட்ரு அப்படியே கையெடுத்துக் கும்பிட்டார். அந்த நாவலில் வருகிற விருந்தில் இரண்டு அண்டாக்கள் இருக்கும். படித்தவர்கள் கவனித்திருக்கலாம்.

அடுத்து டாங்கா பாய். ஸ்டேஷனுக்கும் மார்க்கெட்டுக்கும் குதிரை வண்டி ஓட்டுகிறவர். அவரிடம் போய், இறக்கை வைத்த குதிரைக்குச் சேணம் எப்படிக் கட்டுவது என்று கேட்டார். டாங்கா பாய் பீடியைக் கீழே போட்டுவிட்டு யோசித்தார்.

"கட்டலாம். வயித்துக்குக் கீழ சுத்தி இப்படிக் கொண்டாந்தா கட்டலாம். ஆனா மேஷ்ட்ரே, அதுக்கு றெக்கை இருக்குதல்ல? அப்புறம் அது ஏன் உங்க ராஜாவுக்கு வண்டி இழுக்குது? கட்டு அவுத்த மறு நிமிஷம் பறந்து ஹோகுத்தல்ல? நம்ம ராணிக்கு றெக்கை இருந்தா நான் இன்னிக்கு நடந்துதான் வீட்டுக்குப் போவணும்."

ராணி என்பது அவருடைய குதிரை. மறுநாளே நாவலில் இருந்த பன்னிரண்டு பறக்கும் குதிரைகளும் லாயத்தை விட்டுப் போய்விட்டன. மூன்று அத்தியாயம் ராஜா நடந்தே போனார்.

குதிரைப்படை ஓடுகிற சத்தத்தை எழுதவேண்டும் என்றால் தன் மாணவர்கள் பன்னிரண்டு பேரையும் ஒரே சமயத்தில் டைப் அடிக்கச் சொல்வார். நடுவில் நாற்காலி போட்டுக் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்வார். கீழே என் கடையில் கூரையிலிருந்து சுண்ணாம்பு உதிரும். ஒரு தடவை ஒரு கல்யாண ஜாக்கெட்டின் மேல் உதிர்ந்தது. "போர் நடக்குதா?" என்று என் மனைவி ரெஜினா மேலே பார்த்துக் கேட்பாள். அவள் ஹனூர் பக்கம் மார்டள்ளிக்காரி. பட்டன் கட்டுவது, கை ஊசி வேலை, வாடிக்கையாளரிடம் பேசுவது மூன்றும் அவள் பொறுப்பு. மூன்றாவது எனக்காக.

பன்னிரண்டாவது வருஷத்தில் அதிசயமாக ஒரு கவர் திரும்பி வரவில்லை. பதிலுக்கு மெல்லிய கவர் வந்தது. மெட்ராஸ் வாரப்பத்திரிகை ஒன்று அவருடைய 'உப்புமலைக் கோட்டை'யைத் தொடராகப் போட ஒப்புக்கொண்டிருந்தது. மேஷ்ட்ரு மாடிப்படியில் உட்கார்ந்து அந்தக் கடிதத்தை ஆறு தடவை படித்தார். பிறகு என்னிடம் கொடுத்து, "தப்பு ஒண்ணும் இல்லையே பாருங்க" என்றார்.

நான் கதைக்குள் வந்தது பத்தாவது அத்தியாயத்தில். உப்புமலைக் கோட்டையின் வாசல் காவல்காரன் வச்சிரபாகு என்று ஒரு ராட்சசன். நாலு கை. மேஷ்ட்ரு என் கடைக்கு வந்து மெஷினுக்கு எதிரே ஸ்டூலைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

"அந்தோணி, நாலு கைக்குச் சட்டை எப்படித் தைப்பீங்க?"

நான் டேப்பை வாயிலிருந்து எடுத்தேன். வாழ்க்கையில் முதல்முறையாக என்னிடம் ஒருவர் அபிப்பிராயம் கேட்கிறார். பேப்பரில் வரைந்து காட்டினேன். மேல் கை இரண்டும் வழக்கமான தோளில். கீழ்க் கை இரண்டுக்கும் விலாப்பக்கத் தையலைப் பிரித்து இன்னொரு ஜோடி வளையம். அவருக்கு வரைபடம் போதவில்லை. தைத்தே பார்க்க வேண்டும் என்றார். தியேட்டர் திரைக்கு வாங்கி மிஞ்சிய மரூன் துணி இருந்தது. தசரா ஊர்வல பேண்டு வாத்தியக்காரர்களுக்குத் தைத்ததில் தங்க நிற நாடாவும் மிஞ்சியிருந்தது. மூன்று நாள் வேலை. போட்டுப் பார்க்க ஆள் இல்லாததால் ஹாங்கரில் மாட்டிப் பார்த்தோம். ஹாங்கரில் ராஜகம்பீரமாகத் தொங்கியது.

அந்தச் சட்டையை அரைப் பக்கம் வர்ணித்து எழுதினார். பத்திரிகையில் வந்தது. ரெஜினா அந்தப் பக்கத்தைக் கிழித்துக் கண்ணாடிக்குப் பக்கத்தில் ஒட்டினாள்.

இரண்டு வாரம் கழித்து ஒரு வாசகர் கடிதத்தை ஆசிரியர் வேடிக்கைக்காக மேஷ்ட்ருக்கு அனுப்பிவைத்தார். எழுதியவர் திருநெல்வேலிப் பக்கத்து டெய்லர். மேஷ்ட்ரு அதைக் கொண்டுவந்து என் மெஷின் மேல் வைத்தார்.

"வச்சிரபாகு இந்தச் சட்டையைப் போடவே முடியாது. வலது பக்கக் கை இரண்டையும் நுழைத்த பிறகு, இடது மேல் கையை மடக்கி நுழைக்கலாம். இடது கீழ்க் கை எங்கே போகும்? துணி அதற்குள் விலாவில் இறுகிவிடும். உங்கள் தையல்காரர் தொழிலை எங்கே பழகினார் என்று தெரிந்துகொள்ள ஆசை."

நான் அன்று மத்தியானம் சாப்பிடவில்லை. அவர் சொன்னது சரி. கையை மடக்கிப் பார்த்தேன். மனதுக்குள் நாலு கையையும் மடக்கிப் பார்த்தேன். நுழையவில்லை.

மேஷ்ட்ரு என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. ஆனால் எழுதுவதை நிறுத்திவிட்டார். அடுத்த அத்தியாயத்தில் வச்சிரபாகு போருக்குக் கிளம்பவேண்டும். சட்டை போட முடியாதவன் எப்படிக் கிளம்புவான்? கையிருப்பில் இருந்த அத்தியாயங்கள் பத்திரிகையில் வந்து தீர்ந்துவிட்டன. பன்னிரண்டு நாள் நாவல் அப்படியே நின்றது. நானும் துணி மாற்றி, வெட்டு மாற்றி என்னென்னவோ செய்தேன். எதுவும் சரிவரவில்லை.

பதிமூன்றாம் நாள் வியாழக்கிழமை. பதினொரு மணிக்குப் பக்கத்து எஸ்.டி.டி. பூத்திலிருந்து மேஷ்ட்ருக்கு போன் என்று கூப்பிட்டார்கள். பத்திரிகை ஆசிரியர். மேஷ்ட்ரு ரிசீவரைக் காதிலிருந்து ஒரு ஜாண் தள்ளியே பிடித்திருந்தார். கடைக்குள் இருந்த எனக்கே கேட்டது.

"சார், அவனுக்குச் சட்டையே வேண்டாம் சார்! வெறும் உடம்போட சண்டை போடட்டும்! ராட்சசன்தானே!"

"அது எப்படிங்க சார்? உப்புமலையில குளிருங்க."

மெட்ராஸில் மேஜையைத் தட்டுகிற சத்தம் கேட்டது.

"நாளைக்குத் தபால்ல அத்தியாயம் என் மேஜைக்கு வரணும். வரலைன்னா தொடர் நின்னு போச்சுன்னு போட்டுடுவேன். அந்த ரெண்டு பக்கத்துக்கு ஊறுகாய்க் குறிப்பு ரெடியா இருக்கு. நல்லா யோசிச்சுக்குங்க."

மேஷ்ட்ரு ரிசீவரை வைத்தார். என் கடைக்கு வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார். பன்னிரண்டு வருஷம் திரும்பி வந்த கவர்களைச் சிரித்துக்கொண்டே வாங்கிய மனிதர். அன்றைக்குச் சிரிக்கவில்லை.

"ஊறுகாய் எழுதறவங்ககூட சரியாத்தானே எழுதுவாங்க, அந்தோணி" என்று மட்டும் சொன்னார்.

சாயங்காலம் ஆறு மணி ரயிலில் போட்டால் மறுநாள் தபாலில் கிடைக்கும். கையில் இருப்பது ஏழு மணி நேரம். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பட்டன் கட்டிக்கொண்டிருந்த ரெஜினா தலை நிமிராமல் சொன்னாள்.

"ஏனுங், கொளந்தைக்கு ஜப்லா எப்புடிப் போடறோம்? முன்னால இருந்து கையை வுட்டு, பின்னால முடிச்சுப் போடறோமல்ல? அந்த மாதிரி முதுகுல தொறந்து வுட்டா எத்தனை கையா இருந்தாத்தான் என்ன?"

நான் மெஷினையே பார்த்தேன். பதினைந்து வருஷமாக ஜப்லா தைக்கிறேன்.

மேஷ்ட்ரு எழுந்து நின்றுவிட்டார். உடனே மறுபடி உட்கார்ந்தார். "சரிம்மா. ஆனா முதுகுல முடிச்சை அவனுக்கு யார் போடுவா?"

"ஏன், அந்த ராட்சசனுக்குப் பொண்டாட்டி இல்லீங்களா?"

மேஷ்ட்ரு பேனா மூடியைக் கழற்றினார். அவருடைய ஏழு கடலுக்கு நடுவில், இரண்டு சூரியனுக்குக் கீழே, அதுவரை ஒருத்தருக்குக்கூடப் பொண்டாட்டி கிடையாது. அவருக்கும் கிடையாது. அந்த யோசனையே வரவில்லை.

"தையுங்க அந்தோணி" என்றார்.

பழைய சட்டையின் முன்பக்கத்தை மூடித் தைத்தேன். முதுகை மேலிருந்து கீழே வெட்டினேன். ஒன்பது ஜோடி நாடா வைத்தேன். ஒன்றரை மணிக்கு முடிந்தது. இந்தத் தடவை ஹாங்கரை நம்பத் தயாராக இல்லை. மேஷ்ட்ரு முன்னால் நின்று மேல் கை இரண்டிலும் தன் கைகளை விட்டார். நான் அவர் முதுகோடு ஒட்டி நின்று, அவருடைய கக்கத்துக்குக் கீழே என் கைகளை விட்டேன். ரெஜினா என் முதுகுக்குப் பின்னால் ஒன்பது முடிச்சும் போட்டாள். இரண்டு பேர் ஒரே சட்டைக்குள்.

"கையை ஆட்டுங்க" என்றார் மேஷ்ட்ரு.

நாலு கையும் ஆடியது. அவர் வலது கையில் கத்தரிக்கோலும் இடது கையில் ஸ்கேலும் எடுத்தார். என் வலது கையில் இஸ்திரிப் பெட்டி, இடது கையில் தண்ணீர்ச் சொம்பு. கடைக்குள் ஒரு சுற்று யுத்தம் நடந்தது. எங்கும் இறுக்கவில்லை, எங்கும் கிழியவில்லை. திருநெல்வேலிக்காரர் பார்த்திருக்க வேண்டும்.

ரெஜினா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நான் பாப்பாவை ஸ்கூல்ல இருந்து கூட்டிட்டு, அப்புடியே மாதா கோயில்ல வேலை இருக்குது, முடிச்சுட்டு வந்தர்றேன். அவுத்து வுட்டுட்டுப் போகட்டுங்களா?"

"வேணாம்!" என்று மேஷ்ட்ரு கத்தினார். "தொடாதீங்க! வந்துட்டுது!"

வந்தது அத்தியாயம். ரெஜினா போய்விட்டாள். அவர் பெஞ்சில் உட்கார்ந்தார். நானும் உட்கார்ந்தேன், வேறு வழியில்லை. அவர் எழுதினார். என் இரண்டு கைகள் தாளைப் பிடித்துக்கொண்டன. பக்கம் முடிந்தால் நான் திருப்புவேன். அவர் முதுகு மட்டும்தான் எனக்குத் தெரிந்தது. இரண்டு வாடிக்கையாளர்கள் வந்து வாசலில் நின்று பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் போய்விட்டார்கள். இப்படி மூன்றரை மணி நேரம்.

ஐந்தேகாலுக்குக் கடைசி வரி எழுதி, கவரில் போட்டு ஒட்டினார். ஒட்டியது என் கை.

"இப்ப கழட்டலாம்" என்றார்.

அப்போதுதான் தெரிந்தது. எங்களிடம் நாலு கை இருந்தது. ஒன்றுகூட முதுகுக்கு எட்டவில்லை.

வாசலில் நின்ற டாங்கா பாயைக் கூப்பிட்டோம். அவர் உள்ளே வந்து பார்த்துவிட்டு, "அய்யோ தேவ்ரே! ஏனு மேஷ்ட்ரே இது?" என்று ஒரு எட்டு பின்னால் போனார். பிறகு முடிச்சை அவிழ்க்க முயன்றார். ரெஜினா கல்யாணத்துக்கு முன் மார்டள்ளியில் நிலக்கடலை மூட்டை கட்டியவள். குதிரை வண்டிக்காரருக்கே அந்த முடிச்சு பிடிபடவில்லை.

"கத்தரியால வெட்டிடுங்க பாய்" என்றேன்.

"வெட்டக் கூடாது!" என்றார் மேஷ்ட்ரு. "இது சரியா வந்திருக்கிற சட்டை. நேரமாச்சு, இப்படியே போவோம்."

நான் பத்து வருஷமாக மண்டி மொஹல்லாவில் குனிந்த தலையோடு ஓரமாக நடந்து போகிறவன். எதிரில் தெரிந்தவர் வந்தால் சைக்கிள் செயினைச் சரிபார்ப்பது போல் உட்கார்ந்துவிடுவேன். அப்படிப்பட்டவனை மரூன் துணியிலும் தங்க நாடாவிலும் கட்டி நடுத்தெருவில் இறக்கினார்கள். முதலில் ஒரு ஆட்டோவில் ஏறப் பார்த்தோம். முன்பாதி நுழைந்தது, நான் நுழையவில்லை. கடைசியில் டாங்காவில் பின்பக்கமாக ஏறி உட்கார்ந்தோம். ராணி ஓடியது.

சந்து முழுக்க மக்கள். "தசராவுக்கு இன்னும் ரெண்டு திங்களு இருக்குதே!" என்று ஒருவர் கத்தினார். கறிக்கடை பாய் கத்தியைப் பிடித்த கையோடு வெளியே வந்து, "மேஷ்ட்ரே, இதுதான் யாளியா? பின்பாதி நம்ம டெய்லரா?" என்றார். மேஷ்ட்ரு இரண்டு கைகளையும் கூப்பிக் கும்பிட்டுக்கொண்டே வந்தார். நான் முகத்தை அவர் முதுகில் புதைத்துக்கொண்டேன். "கும்பிடுங்க அந்தோணி, நம்ம வாசகர்கள்" என்றார். எனக்கு வேறு வழி தெரியவில்லை. நானும் கும்பிட்டேன். அதன் பிறகுதான் கூட்டம் வண்டிக்குப் பின்னால் ஓடிவர ஆரம்பித்தது.

ஸ்டேஷனில் ரயில் தபால் கவுண்டர். ஆறு மணிக்கு எட்டு நிமிஷம் இருந்தது. கம்பிக்குள் இருந்த குமாஸ்தா தலை குனிந்து முத்திரை குத்திக்கொண்டிருந்தார். மேஷ்ட்ரின் வலது கை கவரை நீட்டியது. என் வலது கை சில்லறையை நீட்டியது. என் இடது கை, ஒட்டவேண்டிய தபால்தலையை நீட்டியது. குமாஸ்தா நிமிராமலே அலுத்துக்கொண்டார்: "ஒப்பொப்ரே பன்னி, ஒப்பொப்ரே பன்னி." ஒவ்வொருவராக வரச் சொல்கிறார்.

"ஒருத்தர்தாங்க வந்திருக்கோம்" என்றார் மேஷ்ட்ரு.

குமாஸ்தா நிமிர்ந்தார். கவரை வாங்கினார், முத்திரையைக் குத்தினார், பையில் போட்டார். ஒரு கேள்வி கேட்கவில்லை. பையைத் தூக்கிக்கொண்டு ரயிலை நோக்கி அவர் நடந்த வேகம் சாதாரண அரசாங்க வேகம் இல்லை.

அத்தியாயம் போய்ச் சேர்ந்தது. ஊறுகாய்க் குறிப்பு வரவில்லை. அந்த அத்தியாயத்தில் வச்சிரபாகுவின் மனைவி அவன் முதுகில் ஒன்பது முடிச்சுப் போடுகிறாள். ஒவ்வொரு முடிச்சுக்கும் ஒரு விஷயம் சொல்கிறாள். அடுப்பில் என்ன இருக்கிறது என்று ஒன்று, வாசல் தாழ்ப்பாள் சரியில்லை என்று ஒன்று. ஒன்பதாவது முடிச்சில் ஒன்றும் சொல்லாமல் கொஞ்ச நேரம் நிற்கிறாள். பத்திரிகைக்குச் சாக்கில் கட்டும் அளவுக்குக் கடிதம் வந்ததாம். ஆசிரியரே போன் செய்து, "அந்தம்மாவை வாரா வாரம் கொண்டு வாங்க சார்" என்று கெஞ்சினார். அந்தத் தொடர் ஒரு வருஷத்துக்கு மேல் ஓடியது. பிறகு இன்னும் பல தொடர்கள், புத்தகங்கள். மேஷ்ட்ரு இப்போது சென்னையில் பெரிய எழுத்தாளர். போன மாதம்கூட போன் செய்து, கடற்கன்னிக்குப் பாவாடை தைத்தால் இடுப்புக்கு நாடாவா எலாஸ்டிக்கா என்று கேட்டார். தண்ணீரில் எலாஸ்டிக் தளர்ந்துவிடும், நாடாதான் சரி என்றேன். டேப்பை வாயில் கடிக்காமல்தான் சொன்னேன்.

ஆனால் நான் சொல்ல வந்தது அது இல்லை. அந்த வியாழக்கிழமை டாங்காவில் திரும்பி வருகிற வழியில், கூட்டமெல்லாம் கலைந்த பிறகு, ராணி மெதுவாக நடந்துகொண்டிருந்தது. மரூன் துணிக்கு மேலே அவர் உள்ளே போட்டிருந்த சொந்தச் சட்டையின் காலர் என் கண்ணுக்கு நேரே இருந்தது. மத்தியானத்திலிருந்து அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன், ஆனால் கவனிக்கவில்லை. அது ஏற்கெனவே ஒரு தடவை பிரித்துத் திருப்பித் தைத்த காலர். திருப்பிய பக்கமும் நைந்து, உள்ளே இருக்கும் கேன்வாஸ் வெளியே தெரிந்தது. திருப்பித் தைத்தவர் டெய்லர் இல்லை. பெரிய பெரிய தையல், கருப்பு நூல். ஆண்பிள்ளை தானே உட்கார்ந்து தைத்தது. இத்தனை மாதமாக நாள் தவறாமல் என் கடையில் வந்து உட்கார்ந்த மனிதர், தனக்கென்று ஒரு துணியும் கொடுத்ததில்லை. நானும் கேட்டதில்லை. முதுகு முழுக்க நாடா கட்டி, அவரை என்னோடு சேர்த்துத் தைத்த பிறகுதான் கண்ணில் பட்டது.

கடை வாசலில் ரெஜினா இரண்டே நிமிஷத்தில் ஒன்பது முடிச்சையும் அவிழ்த்தாள். மேஷ்ட்ரு மாடிக்குப் போனார்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. ஒன்பதரைக்குக் கடையைத் திறந்தேன். ஸ்கூல் யூனிஃபாரம் இரண்டைத் தள்ளி வைத்துவிட்டு வெள்ளை பாப்ளினில் ஒரு சட்டை வெட்டினேன். அளவு எடுக்க வேண்டியிருக்கவில்லை. மத்தியானத்துக்குள் தைத்து முடித்தேன். இரண்டு கை.